நெப்ராஸ்கா பஸ்ஸில் டைசனுக்கு உண்மையில் என்ன நடந்தது?

கேள்வி: இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப்போன இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசனுக்கு, கிரேஹவுண்ட் என்ற நெடுந்தூர பஸ்ஸில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தபோது இயற்பியலின் பெரிய முடிச்சு ஒன்று அவிழ்ந்தது என்கிறார்களே, நடந்ததுதானா? அப்படி ஒரு பயணத்தை இன்றைக்கு ஒரு பிரிட்டிஷ் மாணவர் போக முடியுமா?

நடந்ததுதான். பஸ்ஸும் உண்மை, அது நடந்த இடமான, அமெரிக்காவின் நடுவே உள்ள நெப்ராஸ்கா மாநிலமும் உண்மை. பயணம் முடிந்த கொஞ்ச நாளிலேயே பெற்றோருக்கு எழுதிய கடிதத்தில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். வயதான பிறகு ஜோடித்த கதை இல்லை. ஆனால் சொல்கிறவர்கள் பெரும்பாலும் கடைசிக் காட்சியை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்: பஸ், ஜன்னலோரம், திடீரென்று ஒரு பளிச். என்னைக் கேட்டால் பஸ்ஸின் பங்கு சின்னதுதான். 1948 கோடையில் அவர் எங்கிருந்து எங்கே போனார், யாரிடம் கேட்டுவிட்டு யாரிடம் போனார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அந்தச் சுற்றலுக்கு வழிவிட்டது அவருடைய உதவித்தொகை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

டைசன் 1923 டிசம்பரில் பெர்க்‌ஷயரில் பிறந்தவர். அப்பா ஜார்ஜ் டைசன் இசையமைப்பாளர், லண்டன் ராயல் இசைக் கல்லூரியின் இயக்குநராக இருந்தவர். மகன் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டிருந்தபோதே போர் வந்து இழுத்துக்கொண்டது. 19 வயதில் பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவில் கணக்கு பார்க்கும் வேலை. கிளம்பிப்போன விமானங்களில் எத்தனை திரும்பின, திரும்பாதவை ஏன் திரும்பவில்லை என்று தினமும் புள்ளிவிவரம் போட வேண்டும். விமானத்தில் இருக்கும் துப்பாக்கி மேடைகளைக் கழற்றிவிட்டால் வேகம் கூடும், உயிரிழப்பு குறையும் என்று அவரும் சகாக்களும் சொன்னதை மேலே யாரும் காதில் வாங்கவில்லை. போர் முடியும்போது அவருக்கு 21 வயது.

அதன் பிறகுதான் கணிதத்திலிருந்து இயற்பியல் பக்கம் திரும்பினார். அந்தச் சமயம் கேம்பிரிட்ஜில் இயற்பியலாளர் பால் டிராக்கிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த கான்பூர்க்காரர் ஹரிஷ் சந்திரா, இயற்பியல் ஒரே குழப்பமாக இருக்கிறது, நான் கணிதத்துக்குப் போகிறேன் என்று டைசனிடம் சொன்னாராம். அதே காரணத்துக்காகத்தான் நான் கணிதத்தை விட்டு இயற்பியலுக்கு வருகிறேன் என்றாராம் டைசன். இரண்டு பேர் எடுத்த முடிவும் சரியாகவே போனது. ஹரிஷ் சந்திரா பிற்காலத்தில் பெரிய கணிதமேதை ஆனார்.

அமெரிக்காவில் எங்கே போவது? அமெரிக்கா அணுகுண்டு செய்த லாஸ் அலமோஸில் இருந்துவிட்டு வந்த இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லரிடம் கேட்டார். கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போ, அங்கே இயற்பியல் பேராசிரியர் ஹான்ஸ் பேத்தேயிடம் போ என்பது பதில். அணுகுண்டுத் திட்டத்தில் இருந்த கெட்டிக்காரர்கள் பலர் பேத்தேயோடு அங்கே போயிருந்தார்கள்.

பணம்தான் அடுத்த சிக்கல். 1947-இல் பிரிட்டன் போரில் ஜெயித்த நாடு மாதிரியே இல்லை. போர்க்காலத்தில்கூட ரேஷனில் வராத ரொட்டி, போர் முடிந்த பிறகு 1946 ஜூலையில் ரேஷனுக்கு வந்தது. பவுண்டை டாலராக மாற்றக் கடுமையான கட்டுப்பாடு. வசதியான வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் அப்பா காசில் அமெரிக்காவுக்குப் போய்ப் படிப்பது லேசில் முடியாது. அமெரிக்காவிலேயே டாலரில் யாராவது கொடுத்தால்தான் உண்டு.

கொடுத்தது காமன்வெல்த் ஃபண்ட் என்ற அறக்கட்டளை. ஹார்க்னெஸ் குடும்பத்தின் பணம். 1918-இல் தொடங்கியது, 1925-இலிருந்து பிரிட்டிஷ் பட்டதாரிகளை அமெரிக்காவுக்கு அழைத்துப் படிக்க வைத்தது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், கோடை விடுமுறையில் ஊருக்கு ஓடிப்போகாமல் அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்த்தது. அதற்கும் காசு கொடுத்தது. சும்மா டிகிரி வாங்கிக்கொண்டு போகிறவர்களை அவர்கள் கேட்கவில்லை. நாட்டை நேரில் பார்த்த பிரிட்டிஷ்காரர்களை உருவாக்க நினைத்தார்கள். டைசனுக்கு முன்னால் 1932-இல் இதே உதவித்தொகையில் யேல் பல்கலைக்கழகத்துக்கு வந்த அலிஸ்டர் குக்கும் கோடையில் அமெரிக்காவைக் குறுக்கே கடந்து பார்த்தார். பிறகு அமெரிக்காவிலேயே குடியேறி, பிபிசி வானொலியில் 1946 முதல் 2004 வரை அமெரிக்காவைப் பற்றி வாராவாரம் பேசினார். போட்ட காசுக்கு அறக்கட்டளைக்கு இதைவிட என்ன வேண்டும்!

1947 செப்டம்பரில் டைசன், கார்னெல் இருக்கும் நியூயார்க் மாநிலத்தின் இத்தக்கா ஊருக்கு வந்து சேர்ந்தார். பேத்தேயை முதலில் பார்த்தபோது அவர் கண்ணில் பட்டது சேறு அப்பிய பூட்ஸ். அடுத்தது, மாணவர்கள் எல்லாரும் பேராசிரியரை 'ஹான்ஸ்' என்று பேர் சொல்லிக் கூப்பிட்டது. கேம்பிரிட்ஜில் நினைத்தே பார்க்க முடியாத காரியம். மதியச் சாப்பாட்டுக்கு பேத்தே மாணவர்களோடு கேன்டீனில் உட்காருவார், அங்கேயே இயற்பியல் பேச்சு ஓடும். டைசனோ டிரினிட்டியில் ஏற்கெனவே ஃபெலோவாக, அதாவது கல்லூரியின் ஆய்வு உறுப்பினராக, இருந்தவர். இங்கே மறுபடியும் சாதாரண ஆராய்ச்சி மாணவர். அதைப் பற்றி அவர் அலட்டிக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

வந்ததும் கையில் ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டார் பேத்தே. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னணி வேண்டும். எலக்ட்ரானும் ஒளியும் எப்படி ஒன்றோடொன்று வினைபுரிகின்றன என்று சொல்லும் கோட்பாடு 1920-களின் கடைசியிலேயே வந்துவிட்டது. தோராயமாகக் கணக்குப் போட்டால் சரியான விடை தரும். இன்னும் துல்லியமாகப் போடலாம் என்று அடுத்த படிக்குப் போனால் விடை முடிவிலி என்று வரும். ஓர் அளவு முடிவிலி என்றால் அந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லை. இருபது வருடம் இப்படியே கிடந்தது. 1947-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லிஸ் லேம்பும் ராபர்ட் ரெதர்ஃபோர்டும் ஹைட்ரஜன் அணுவில் இரண்டு ஆற்றல்நிலைகளுக்கு நடுவே மிகச் சின்ன வித்தியாசம் இருப்பதை அளந்து காட்டினார்கள். பழைய கோட்பாட்டின்படி அந்த வித்தியாசம் இருக்கவே கூடாது. அந்த ஜூனில் பேத்தே ரயிலில் போகும்போதே தோராயமாக அதைக் கணக்கிட்டுவிட்டார். (இந்தத் துறையில் வண்டியில் போகும்போது நடந்த காரியங்கள் கொஞ்சம் அதிகம்தான்.) சார்பியலுக்கு ஒத்துப்போகும்படி, சுழற்சி இல்லாத ஒரு கற்பனை எலக்ட்ரானுக்கு அதே கணக்கைப் போட்டுப் பார் என்பதுதான் டைசனுக்குக் கிடைத்த வேலை. சில மாதத்தில் முடித்துக் கட்டுரையும் வெளியிட்டார்.

ஆனால் கார்னெலில் அவருக்குக் கிடைத்த பெரிய பாடம் பேத்தேயிடமிருந்து வரவில்லை. அங்கே ரிச்சர்ட் ஃபைன்மன் இருந்தார், அப்போது 29 வயது. பாதி மேதை, பாதி கோமாளி என்று டைசன் வீட்டுக்கு எழுதினார். பிறகு பல வருடம் கழித்து, இரண்டுமே முழுசு என்று திருத்திக்கொண்டார். ஃபைன்மன் சமன்பாடு எழுதமாட்டார், படம் போடுவார். கோடும் நெளிகோடுமாக எதையோ வரைந்து நேராக விடையைச் சொல்லிவிடுவார். விடை சரியாக இருக்கும், எப்படி வந்தது என்று கேட்டால் மற்றவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வராது. 1948 வசந்தத்தில் பென்சில்வேனியாவின் போகோனோ மலையில் நடந்த கூட்டத்தில் ஹார்வர்டின் ஜூலியன் ஷ்விங்கர் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்கப் பேசி அசத்தினார். அதே கூட்டத்தில் ஃபைன்மன் தன் படங்களை விளக்கப் போய், டென்மார்க்கின் மூத்த இயற்பியலாளர் நீல்ஸ் போர் உட்பட யாருக்கும் பிடிபடாமல் வந்து இறங்கினார். கொஞ்ச நாளில் ஜப்பானிலிருந்து ஒரு பொட்டலம். போரில் எரிந்துபோன டோக்கியோவில் உட்கார்ந்து சின்-இடிரோ டோமோனாகா, ஷ்விங்கர் செய்ததில் முக்கியமான பகுதியை இவர்களுக்கு முன்பே எளிமையாகச் செய்து முடித்திருந்தார்.

ஆக, 1948 ஜூனில் நிலைமை இதுதான். மூன்று பேர், பார்த்தால் சம்பந்தமே இல்லாத வழிகள். விடை மட்டும் ஒன்றாக வருகிறது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. ஷ்விங்கரின் ஆட்களுக்கு ஃபைன்மனின் படம் புரியாது, ஃபைன்மனுக்கு ஷ்விங்கரின் கணிதத்தில் பொறுமை இல்லை.

இப்போது கோடை விடுமுறை வருகிறது, உதவித்தொகை ஊர்சுற்று என்கிறது. ஃபைன்மன் சொந்த வேலையாக நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கிக்குக் காரில் கிளம்பினார், டைசன் கூட ஏறிக்கொண்டார். உலகத்திலேயே ஃபைன்மனிடம் நாள்கணக்கில் கேள்வி கேட்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது: ஓட்டுகிறவர் எழுந்து போக முடியாது. வழியெல்லாம் வாக்குவாதம். தன் வழிதான் இயற்கையின் வழி என்று ஃபைன்மன், அதற்கு நிரூபணம் எங்கே என்று டைசன்.

ஓக்லஹோமாவில் பெருமழை, வெள்ளத்தில் சாலை அடைபட்டு வினீட்டா என்ற சின்ன ஊரில் மாட்டிக்கொண்டார்கள். வழியில் நின்றுபோனவர்கள் எல்லா விடுதிகளையும் நிரப்பியிருந்தார்கள். கடைசியில் ஆளுக்கு 50 சென்ட் வாடகையில் ஒரு மட்டமான விடுதியில் அறை கிடைத்தது. இந்த விடுதிக்குப் புது நிர்வாகம் வந்துவிட்டது, குடித்துவிட்டு வந்திருந்தால் தப்பான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள் என்று நடைவழியில் அறிவிப்பு வேறு. அது விபசார விடுதி. அந்த ஒரு விவரத்தை மட்டும் பெற்றோருக்கு எழுதிய கடிதத்தில் டைசன் விட்டுவிட்டார், இசைக் கல்லூரி இயக்குநரின் மகன் அல்லவா. அந்த இரவு மழைச் சத்தத்தில் தூக்கம் வராமல் ஃபைன்மன் வெகுநேரம் பேசினார். காசநோயில் 1945-இல் இறந்துபோன மனைவி ஆர்லைனைப் பற்றி, லாஸ் அலமோஸைப் பற்றி, இன்னொரு தடவை குண்டு விழத்தான் போகிறது என்ற தன் பயத்தைப் பற்றி. ஆர்லைன் இறந்ததும் அவர்கள் போய்க்கொண்டிருந்த ஆல்புகர்க்கியில்தான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தப் பயணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் சொல்வதில்லை. மட்டமான விடுதியோ நல்ல விடுதியோ, வழியில் நின்று ஓர் அறை கேட்டு வாங்க இந்த இருவருக்கும் தோல் நிறம் தடையாக இல்லை. அதே 1948 ஜனவரியில்தான் அதே ஓக்லஹோமாவில், அடா லோயிஸ் சிப்யூல் என்ற கறுப்பினப் பெண்ணுக்குச் சட்டப்படிப்பு வசதி செய்து தரவேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. மாநில அரசு அவரைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்காமல், அவருக்கென்று தனியாக ஒரு சட்டக் கல்லூரியைப் பெயருக்குத் திறந்தது. 1949-இல்தான் அவர் பல்கலைக்கழகத்துக்குள் போக முடிந்தது. எந்த ஊரில் எந்த விடுதி கறுப்பினத்தவரை உள்ளே விடும் என்று பட்டியல் போட்ட வழிகாட்டிப் புத்தகங்களைக் காரில் வைத்துக்கொண்டு பயணம் செய்த காலம் அது.

ஆல்புகர்க்கிக்குள் நுழைந்ததுமே வேகமாக ஓட்டியதற்காக ஃபைன்மனைப் பிடித்தார்கள். அபராதம் கட்டிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போனார். டைசன் கிரேஹவுண்டில் ஏறி மிச்சிகனின் ஆன் ஆர்பருக்கு வந்தார். அங்கே பல்கலைக்கழகம் 1920-களிலிருந்து கோடைதோறும் கோட்பாட்டு இயற்பியல் வகுப்புகள் நடத்திவந்தது. 1930-இல் என்ரிகோ ஃபெர்மி பாடம் சொன்ன இடம். 1948-இல் பாடம் சொன்னவர் ஷ்விங்கர். டைசனுக்கு அங்கே இடம் வாங்கிக் கொடுத்தது பேத்தே.

ஷ்விங்கரின் பேச்சு அவ்வளவு நேர்த்தி, எதையும் பிடித்து நிறுத்திக் கேட்க முடியாது. டைசன் ஐந்து வாரம் உட்கார்ந்து, வகுப்பில் கேட்டதை வரிவரியாகத் தானே போட்டுப் பார்த்து, பக்கம் பக்கமாக நிரப்பினார். வகுப்புக்கு வெளியே ஷ்விங்கரோடு நேரில் பேசவும் வாய்த்தது. மேடையில் மறைத்துவைத்த அடிப்படை யோசனைகளை நேர்ப்பேச்சில் சொல்லிவிடுவாராம். அந்தக் கோடை முடியும்போது, ஃபைன்மனின் தலைக்குள்ளும் ஷ்விங்கரின் தலைக்குள்ளும் ஒருசேர நுழைந்து வந்தவர் என்று உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். 24 வயது, முனைவர் பட்டம்கூட இல்லை.

சொந்த ஊரிலேயே இருந்த அமெரிக்க மாணவருக்கு இது அமைந்திருக்குமா? கஷ்டம் என்றே நினைக்கிறேன். ஹார்வர்டில் இருந்தால் ஷ்விங்கரின் ஆள், கார்னெலில் இருந்தால் ஃபைன்மனின் ஆள். வெளியூர்க்காரராக வந்து, எந்தக் கூட்டத்தையும் சேராமல், கையில் பயணக் காசோடு இருந்தவருக்குத்தான் இரண்டு பக்கமும் போய்வர முடிந்தது. கேம்பிரிட்ஜ் கொடுத்த கணிதப் பயிற்சியும் இருந்ததால் ஃபைன்மன் வரைந்ததைச் சமன்பாடாக எழுதவும் முடிந்தது.

அப்புறம் கலிஃபோர்னியா. பஸ்ஸிலேயே சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போய், பெர்க்லியில் கொஞ்ச நாள் இயற்பியலைத் தொடாமல் விடுமுறை. செப்டம்பர் தொடக்கத்தில் சிகாகோ நோக்கித் திரும்பும் கிரேஹவுண்ட். இன்றைய விரைவுச்சாலைகளுக்கான சட்டம் 1956-இல்தான் வந்தது, அப்போது ஊருக்கு ஊர் புகுந்து போகும் பழைய நெடுஞ்சாலைதான். மூன்றாம் நாள் நெப்ராஸ்காவைக் கடக்கும்போது, 48 மணி நேரம் உட்கார்ந்தே வந்ததில் வரும் ஓர் அரைமயக்கத்தில், இரண்டும் பொருந்தியது. ஷ்விங்கர், டோமோனாகா இருவரின் சமன்பாட்டைப் படிப்படியாக விரித்தால் வரும் உறுப்புகளைத்தான் ஃபைன்மன் படமாக வரைந்துகொண்டிருக்கிறார். கோட்பாடு ஒன்றுதான், எழுதும் விதம்தான் வேறு. கையில் பேப்பரும் இல்லை, பென்சிலும் இல்லை. தேவைப்படவும் இல்லை, வேண்டிய கணக்கெல்லாம் ஆன் ஆர்பரிலேயே போட்டாயிற்று.

இரண்டாம் வருடத்துக்கு அவர் போக வேண்டிய இடம் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம். அதன் இயக்குநர், லாஸ் அலமோஸை நடத்திய ராபர்ட் ஓப்பன்ஹைமர், அப்போது ஐரோப்பாவில். அவர் திரும்பி வருவதற்குள் டைசன் எழுதி அனுப்பிவிட்டார். 1948 அக்டோபர் 6 அன்று 'ஃபிசிக்கல் ரெவ்யூ' இதழுக்குக் கட்டுரை கிடைத்தது, 1949 பிப்ரவரியில் வெளிவந்தது. ஓப்பன்ஹைமருக்கு அது பிடிக்கவில்லை. டைசன் கருத்தரங்கில் பேசப் பேசக் குறுக்கிட்டு, ஒரு வாக்கியத்தை முடிக்க விடவில்லை. கடைசியில் பேத்தே வந்து, ஃபைன்மனின் முறையை எல்லாரும் கற்றுக்கொண்டே ஆகவேண்டும் என்று பேசிய பிறகுதான் அவர் அமைதியானார். சில நாளில் டைசனின் தபால் பெட்டியில் ஒரு துண்டுச்சீட்டு: 'நோலோ கொன்டென்டெரே', அதாவது எதிர்த்து வாதாடவில்லை என்று நீதிமன்றத்தில் சொல்லும் லத்தீன் வாசகம். கீழே ஓப்பன்ஹைமரின் முதலெழுத்துகள்.

உதவித்தொகைக்கு இன்னொரு விதியும் உண்டு, முடிந்ததும் நாடு திரும்ப வேண்டும். 1949-இல் பர்மிங்ஹாமுக்குத் திரும்பினார், 1951-இல் பேராசிரியராகக் கார்னெலுக்கு மறுபடி வந்தார், 1957-இல் அமெரிக்கக் குடிமகன் ஆனார். 1965 நோபல் பரிசு டோமோனாகா, ஷ்விங்கர், ஃபைன்மன் மூவருக்கும் போனது. ஒரு பரிசை மூன்று பேருக்கு மேல் பிரிக்க முடியாது. டைசன் முனைவர் பட்டம் கடைசிவரை வாங்கவில்லை. 2020 பிப்ரவரியில் இறந்தார்.

சரி, இன்றைக்கு முடியுமா? பாதி முடியும். பரிமாற்ற மாணவராகப் போகும் பிரிட்டிஷ்காரர்களுக்கு வழக்கமாக ஜே-1 விசா. படிப்பு முடிந்த பிறகு 30 நாள் நாட்டுக்குள் சுற்றலாம். அந்த 30 நாளில் கனடா பக்கம் எட்டிப் பார்த்துவிட்டால் அதே விசாவில் திரும்பி வர முடியாது, பலர் கோட்டை விடுவது இங்கேதான். பிரிட்டிஷ் கடவுச்சீட்டுக்கு விசா இல்லாமல் 90 நாள் போகலாமே என்றால், அது சுற்றுலாவுக்கு, மதிப்பெண் கணக்கில் சேரும் படிப்புக்குச் செல்லாது. டைசன் வயதில், அதாவது 25-க்குள், வாடகைக் கார் எடுத்தால் பெரும்பாலும் கூடுதல் கட்டணம் உண்டு. 21 ஆகாதவருக்கு அறை கொடுக்காத விடுதிகளும் உண்டு.

கிரேஹவுண்ட் இன்னும் ஓடுகிறது. 2021-இல் ஃபிளிக்ஸ்பஸ்ஸை நடத்தும் ஜெர்மன் நிறுவனம் அதை வாங்கியது. பல ஊர்களில் பழைய பஸ் நிலையங்கள் போய், சாலையோரத்தில் ஏற்றி இறக்குகிறார்கள். நான் யாருக்காவது யோசனை சொல்வதென்றால் ரயிலைத்தான் சொல்வேன். பெர்க்லிக்குப் பக்கத்தில் எமரிவில்லில் ஏறினால் 'கலிஃபோர்னியா ஸெஃபிர்' சுமார் 52 மணி நேரத்தில், 2,438 மைல் கடந்து சிகாகோவில் விடும். அந்தப் பெயரில் முதல் ரயில் ஓடியது 1949 மார்ச்சில், டைசன் அதே திசையில் பஸ்ஸில் போன ஆறு மாதத்தில். சியரா நெவாடாவையும் ராக்கி மலைகளையும் பகலில் பார்க்கலாம். வழியில் பெரும்பகுதி சரக்கு ரயில் கம்பெனிகளின் தண்டவாளம், அதனால் தாமதம் சகஜம். சிகாகோவில் அடுத்த வண்டி பிடிக்க வேண்டியிருந்தால் ஒரு நாளாவது இடைவெளி விட்டு முன்பதிவு செய்ய வேண்டும். நெப்ராஸ்காவைப் பார்த்தே தீரவேண்டும் என்பவர்கள் மட்டும் பஸ்ஸில் போகலாம், ரயில் அதை இரவில்தான் கடக்கிறது.